எண்ணாமல் விட்ட சுற்றுகள்: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மும்பை நியாமக் பவனில் கல்பாக்கம் கோப்பு யார் மேசையில் இருக்கிறதோ அவருக்கும்,

வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உலையை மூடச் சொல்லும் கடிதம் இல்லை. திறக்கச் சொல்லும் கடிதம். திறக்க வேண்டியது, உலையின் குழாய்கள் எத்தனை தடவை சூடேறிக் குளிர்ந்தன என்று எண்ணிப் பதியும் ஒரு நோட்டுப் புத்தகத்தை.

நான் உரத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பைப்பிங் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். நீராவிக் குழாய், பாய்லர் ஃபீட் லைன், ஹேங்கர், வெல்டிங், ஷட்டவுன் வந்தால் தூக்கம் கிடையாது, அப்படிப் போன வாழ்க்கை. இப்போது இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மொட்டைமாடியில் ஏறினால் கல்பாக்கத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில். நியூட்ரான் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் ஒரு குழாய் என்ன ஆகும் என்று கேளுங்கள், அதில் கொஞ்சம் பேசுவேன்.

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது, இரண்டாவது 1986 மார்ச்சில். முதலாவதுக்கு 2024-லேயே நாற்பது முடிந்துவிட்டது, இரண்டாவதுக்கு 2026 மார்ச்சோடு நாற்பது. நாற்பது வயதானால் நாம் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கிறோம். பார்த்த டாக்டர் 'நல்லா இருக்கீங்க, போங்க' என்று சொல்லி ரிப்போர்ட்டை மட்டும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? உரிமம் புதுப்பிக்கப்பட்டது என்ற உங்கள் அறிவிப்புகளைப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. நம்பவில்லை என்று சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்கிறேன், அதிலும் ஒரே ஒரு பக்கத்தை, உலோகச் சோர்வுப் பக்கத்தை.

இது திறந்த மடல் என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்; வாரியத்தில் இருப்பவர்கள் தாண்டிப் போகலாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பி கட்டுகிறவர் கட்டுக்கம்பியை அறுக்க ஆயுதம் தேட மாட்டார். இப்படியும் அப்படியும் நாலைந்து தரம் வளைப்பார், டப்பென்று கையோடு வந்துவிடும். இழுத்து அறுக்கப் பார்த்தால் கைதான் அறுபடும். குழாய்க்கு அந்த வளைக்கும் வேலையைச் செய்வது வெப்பம். கல்பாக்கத்தில் இருப்பது போன்ற 220 மெகாவாட் கனநீர் உலையில் 306 குளிர்விப்புக் குழல்கள், ஒவ்வொன்றுக்கும் நீர் போக ஒரு ஃபீடர் குழாய், வர ஒன்று, ஆக 612. உலையை விட்டு வெளியே வரும் கனநீரின் சூடு 290 டிகிரியைத் தாண்டும். நிறுத்திக் குளிரவிட்டால் அத்தனையும் சுருங்கும், மறுபடி ஏற்றினால் நீளும். தாராளமாக நீள இடமிருந்தால் பிரச்சினையில்லை. இரண்டு பக்கமும் பிடித்து வைத்த இடத்தில், தடித்த நாசிலோடு (கலத்தில் குழாய் வந்து சேரும் வாய்) மெல்லிய குழாய் சேரும் வெல்டிங்கில், அந்த நீட்டலும் சுருக்கலும் உலோகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், ஒரு சுற்று. சுற்று சேரச் சேர உலோகம் தளர்ந்து விரிசல் காண்பதுதான் உலோகச் சோர்வு.

இதற்கான கணக்கு பழையது. 1924-ல் பால்ம்கிரென் என்ற பொறியாளர் சொன்னது, 1945-ல் மைனர் என்பவர் மறுபடி சொன்னது. இந்த அளவு தகைவு, அதாவது உலோகத்துக்குள் உண்டாகும் இழுப்பு, ஏறி இறங்கினால் இந்த உலோகம் 1,000 சுற்று தாங்கும் என்றால், ஒரு சுற்று முடிந்ததும் ஆயுளில் ஆயிரத்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. வேறு அளவுத் தகைவுக்கு வேறு பங்கு. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும், அந்தக் கூட்டுத்தொகைதான் சோர்வு எண், அது 1-ஐத் தொட்டால் வடிவமைப்பில் ஒதுக்கியது தீர்ந்தது. அன்றைக்கே குழாய் உடையும் என்று அர்த்தமில்லை, விரிசல் தொடங்கியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பேங்க் பாஸ்புக் மாதிரிதான், ஆனால் இந்தக் கணக்கில் எடுக்க மட்டும்தான் முடியும், போட முடியாது.

அப்புறம், பாஸ்புக்கில் பதிந்தால்தான் கணக்கு.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு சூடான லைனில் குளிர்ந்த நீர் சேரும் இடத்தில் ஒரு வால்வு இருந்தது. எப்போதும் மூடியிருக்க வேண்டியது. மூடித்தான் இருந்தது, ஆனால் உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது, எங்கள் பாஷையில் சொன்னால் வால்வு பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. ரெஜிஸ்டர்படி அந்த லைன் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சூடேறிக் குளிர்கிறது, அந்தக் கணக்கில் என் பேரன் காலம் வரைக்கும் தாங்கும். ஒரு ஷட்டவுனில் லாகிங்கை (குழாய் மேல் சுற்றிய வெப்பக் காப்பு) பிரித்து டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்தால், குழாயில் இன்னொரு குழாய் T வடிவில் சேரும் டீ ஜாயின்ட் வெல்டிங்குக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிவப்புக் கோடுகள், கீரை நறுக்கிய பலகை மாதிரி. ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த ஃபிட்டர் ஒருவர் அப்போது சொன்னார்: "சார், அந்த வால்வுக்குப் பக்கத்துல கை வெச்சா பைப்போட மேல் பக்கம் சுடும், கீழ்ப் பக்கம் சுடாது. ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்." சொன்னது உண்மைதான். எங்கள் ரெஜிஸ்டரில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. நானும் எழுதவில்லை.

அமெரிக்காவின் அலபாமாவில் ஃபார்லி அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகில் 1987 டிசம்பரில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான் என்று பின்னால் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. உலைக்கு அவசர காலத்தில் தண்ணீர் செலுத்தும் குழாய், மூடிய வால்வு, அதன் வழியே கசிந்த குளிர்நீர், குழாய்க்குள் மேலே சூடு, கீழே குளிர், அந்த எல்லைக்கோடு ஆட ஆட வெல்டிங்கில் விரிசல். ஆறு மாதத்தில் பெல்ஜியத்தின் திஹாஞ் நிலையத்தில் அதே கதை. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1988-ல் 88-08 என்ற அறிக்கையை எல்லா நிலையங்களுக்கும் அனுப்பி, இப்படிப்பட்ட இடங்கள் உங்களிடம் எங்கே இருக்கின்றன என்று தேடச் சொன்னது. வடிவமைத்தவர்கள் போட்ட சுற்றுப் பட்டியலில் இந்தச் சுற்று இல்லவே இல்லை. இல்லாததை யார் எண்ணுவது?

இன்னொன்று, இது வயதான உலை சம்பந்தப்பட்டதுகூட இல்லை, அதனால்தான் முக்கியம். பிரான்சில் உலையின் ஏற்ற இறக்கங்களை எண்ணிப் பதிந்து வைப்பது விதிப்படியே கட்டாயம். அந்தப் பிரான்சில், 1997 டிசம்பரில்தான் மின்தொகுப்போடு இணைந்திருந்த சிவோ நிலையத்தின் முதல் அலகில், 1998 மே 12 அன்று, உலையின் மிச்சச் சூட்டை எடுக்கும் குழாயில் வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் இடத்தை ஒட்டிய ஓர் எல்போ (வளைவுத் துண்டு) விரிசல் கண்டு, மணிக்குச் சுமார் 30,000 லிட்டர் நீர் கொட்டியது. கசிவை அடைக்கவே பல மணி நேரம் ஆனது. ஐந்து மாத உலை! பாஸ்புக்கில் முதல் பக்கம்கூட நிரம்பியிருக்காது. வெந்நீரும் குளிர்நீரும் சரியாகக் கலக்காமல் நொடிக்கு நொடி குழாயின் உட்சுவரைச் சுட்டும் குளிர்வித்தும் ஆட்டியதுதான் காரணம், அந்த ஆட்டம் நிமிஷத்துக்கு எத்தனை என்று யாருடைய நோட்டிலும் இல்லை. அடுத்த ஆண்டு ஜப்பானின் சுருகாவில் ஒன்று. 2023-லும் பிரான்சின் பென்லியிலும் கட்டெனோமிலும் வெப்பச் சோர்வு விரிசல்களைக் கண்டுபிடித்தார்கள், வேறு வகை விரிசலைத் தேடப் போன இடத்தில்.

சோர்வு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோட்டுப் புத்தகத்தின் தவறு அதில்தான் பளிச்சென்று தெரியும். 2004 ஆகஸ்ட் 9, ஜப்பான், மிஹாமா மூன்றாவது அலகு. டர்பைன் கட்டடத்தில் நீர்க் குழாய் ஒன்று வெடித்து ஐந்து தொழிலாளர்கள் வெந்து இறந்தார்கள். சுமார் 10 மில்லிமீட்டர் இருந்த குழாய்ச் சுவர் ஓடும் நீர் அரித்து அரித்து ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. 1976-ல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அலட்சியம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அங்கே ஆய்வுகள் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தன, பட்டியலில் இருந்த இடங்களில். அந்த இடம் பட்டியலில் விடுபட்டிருந்தது.

சரி, எண்ணியதாவது சரியா? அங்கேயும் ஒரு விவகாரம். எந்தத் தகைவுக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் வளைகோடு, பளபளவென்று மெருகேற்றிய சின்னத் துண்டுகளைக் காற்றில் வைத்துச் சோதித்து வரைந்தது. அதில் வந்த தகைவை 2-ஆலும் சுற்றை 20-ஆலும் பாதுகாப்புக்காக வகுத்து வைத்தார்கள். ரொம்ப காலம் எல்லோரும், நான் உள்பட, 'இருபது மடங்கு இருக்கிறதே, போதாதா' என்றுதான் நினைத்தோம். அந்த இருபது, சோதனைக்குச் சோதனை மாறும் முடிவுக்கும், பெரிய குழாய்க்கும் சின்னத் துண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கும், சொரசொரப்பான மேற்பரப்புக்குமே சரியாகப் போய்விடும். சூடான உலை நீருக்குள் அதே உலோகம் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்திலும் வருஷக்கணக்கில் சோதித்துக் காட்டினார்கள். மெதுவாக இழுபட்டால் பாதிப்பு இன்னும் அதிகம். 2007-ல் அமெரிக்க ஆணையம் புதிய உலைகளுக்கான வழிகாட்டி 1.207-ல் இந்த நீர்ப் பெருக்கத்தை, அதாவது உலை நீரால் சோர்வு எத்தனை மடங்கு கூடுகிறது என்பதை, கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டது. உரிமம் நீட்டிக்கக் கேட்கும் பழைய உலைகளிடமும் அந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்டதில் கிளம்பியதுதான் அமெரிக்காவின் வெர்மான்ட் யாங்கி அணுமின் நிலைய வழக்கு, இந்த மடலை எழுதத் தூண்டியதும் அதுதான். 1972-லிருந்து ஓடிய கொதிநீர் உலை. இன்னும் இருபது வருஷம் வேண்டும் என்று 2006-ல் விண்ணப்பித்தார்கள். நீர்ப் பெருக்கத்தைச் சேர்த்ததும், கணக்குப் போட்ட ஒன்பது இடங்களில் பெரும்பாலானவற்றின் சோர்வு எண் 1-ஐத் தாண்டிவிட்டது. உடனே விவரமாக மறுகணக்குப் போட்டார்கள், எல்லாம் 1-க்குக் கீழே வந்துவிட்டது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், நானே செய்திருக்கிறேன். முதல் கணக்கில் எல்லாவற்றையும் மிகையாக வைத்திருப்போம், இடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். ஆனால் கொண்டுவரும் வழியில் ஒரு குறுக்குவழி இருந்தது. ஒரு புள்ளியில் தகைவுக்கு ஆறு கூறுகள் உண்டு, அவர்கள் எளிமைக்காக ஒன்றை வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். நியூ இங்கிலாந்து கூட்டணி என்ற மக்கள் அமைப்பு தன் சார்பில் ஒரு பொறியாளரை நிறுத்தி ஆணையத்தின் விசாரணை மன்றத்தில் வாதாடியது. 2008 நவம்பரில் மன்றம், இரண்டு நாசில்களுக்கான கணக்கு முழுசாகப் போடப்படாமல் நீட்டிப்பு இல்லை என்றது. அடுத்த மாதமே ஆணையம் அந்தக் குறுக்குவழியைப் பற்றி எல்லா நிலையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

மேல்முறையீடு, மாற்றம் எல்லாம் நடந்து 2011 மார்ச்சில் உரிமம் கிடைத்துவிட்டது, உலை பிறகு 2014 கடைசியில் பணக் காரணங்களுக்காக மூடப்பட்டது. அதனால் மக்கள் ஜெயித்தார்கள் என்று கதை சொல்ல வரவில்லை. (நடுவில் 2010-ல் அதே நிலையத்தில் மண்ணுக்கடியில் ஓடும் குழாயிலிருந்து ட்ரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கசிந்தது தெரியவந்தது, அப்படிப்பட்ட குழாய்களே எங்களிடம் இல்லை என்று அதிகாரிகள் மாநில அரசிடம் முன்பு சொல்லியிருந்தார்கள். பட்டியல், பட்டியல்.) எனக்குப் பொறாமை எங்கே வந்தது என்றால், ஒரு நாசிலின் சோர்வு எண் என்ன, அது எப்படிப் போடப்பட்டது என்பதை ஊர்க்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடிந்ததே, அதில்தான்.

இங்கே என்ன நிலைமை? உங்களைத் திட்டுவதற்கு முன் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கல்பாக்கத்தின் இரண்டு அலகுகளிலும் 2000-களின் முற்பகுதியில் குளிர்விப்புக் குழல்களை ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள், அது பெரிய வேலை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை முழு மறுஆய்வு செய்கிறீர்கள். முதல் அலகு 2018-ல் நிறுத்தப்பட்டு நெடுங்காலம் நின்றது. தாராப்பூரில் 1969-ல் ஓடத் தொடங்கிய இரண்டு உலைகளை 2020-ல் நிறுத்தி, விரிசல் தொல்லை தந்த மறுசுழற்சிக் குழாய்களையே மாற்றும் வேலையில் இறங்கினார்கள். திறமைக்கும் குறைவில்லை. முழு அளவுக் குழாய்களையும் எல்போக்களையும் வளைத்து வளைத்து விரிசல் எப்படி வளர்கிறது என்று பார்க்கும் சோதனையை நம் தரமணி கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து செய்திருக்கிறார்கள். கல்பாக்கத்திலேயே உங்கள் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒன்றுமே பார்ப்பதில்லை என்று சொன்னால் அது பொய்.

நீர்ப் பெருக்க விஷயத்திலும் கனநீர் உலைக்கு ஒரு சாதகம் உண்டு. அதன் முதன்மைக் குழாய்கள் கார்பன் எஃகு, அந்த நீரில் ஆக்சிஜனை மிகக் குறைவாக வைத்திருப்பார்கள், அந்த நிலையில் கார்பன் எஃகுக்கு இந்தப் பெருக்கம் சின்னதாகத்தான் வரும். தாராப்பூர் போன்ற கொதிநீர் உலை அப்படியில்லை. நல்ல செய்திதானே, இதையாவது எண்ணோடு எழுதிக் காட்டலாமே?

உலோகச் சோர்வு நமக்குப் புதுசும் இல்லை. 1993 மார்ச் 31, நரோரா. டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு தகடுகள் சோர்வினால் முறிந்து, அதிர்ந்த அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றி, நிலையமே 17 மணி நேரம் மின்சாரமில்லாமல் இருட்டில் கிடந்தது. அன்றைக்கு உள்ளே இருந்தவர்களின் சமயோசிதத்தால் தப்பித்தோம். அதுகூட உலைப் பக்கம் இல்லை, டர்பைன் பக்கம்.

இப்போது கேள்விகள். கல்பாக்கம் இரண்டாவது அலகு 1985-லிருந்து இன்று வரை எத்தனை தடவை முழுக்கச் சூடேறி முழுக்கக் குளிர்ந்திருக்கிறது, எத்தனை தடவை ட்ரிப் ஆகியிருக்கிறது (திடீரென நின்றிருக்கிறது), வடிவமைப்பில் ஒதுக்கியது எத்தனை? எண்பது தொண்ணூறுகளில் மின்தொகுப்பு ஆடிய ஆட்டம் தமிழ்நாட்டில் டியூப்லைட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்துப் பதிவு காகிதச் சார்ட்டில் இருந்திருக்கும், அதை யாராவது உட்கார்ந்து எண்ணினார்களா, இல்லை, 'சராசரியாக இவ்வளவு' என்று போட்டீர்களா? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்தது இந்த அலகுதான், பத்திரமாக நிறுத்தினார்கள், 2005 ஜனவரி தொடக்கத்தில் மறுபடி ஓடியது. அது எங்களுக்கு மறக்க முடியாத நாள். உங்கள் நோட்டில் அது ஒரு சுற்று. பதிந்திருக்கிறதா?

மாற்றாமல் விட்ட குழாய்களிலும் நாசில்களிலும் சோர்வு எண் அதிகமாக உள்ள முதல் பத்து இடங்கள் எவை, நீர்ப் பெருக்கம் சேர்க்காமல் எவ்வளவு, சேர்த்தால் எவ்வளவு? அந்த எண் 0.2 என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன், 0.9 என்றால் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை அல்ட்ராசோனிக் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். எண்ணை எத்தனை தரம் மறுகணக்குப் போட்டுக் குறைத்தீர்கள், அதை உங்களுக்கு வெளியே யார் சரிபார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாக்கெட் வெல்டிங் போட்ட சின்னக் குழாய்கள், பம்ப் அதிர்வில் ஆடுகிறவை, எந்தப் பிளான்டிலும் முதலில் ஒழுகுவது அவைதான், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

ரகசியம் என்று சொல்வீர்கள். ஒரு நாசிலின் சோர்வு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் குண்டு செய்ய முடியாது. அமெரிக்காவில் உரிம நீட்டிப்பு விண்ணப்பத்தில் அட்டவணையாகவே போட்டு வெளியே வைக்கிறார்கள். மக்களுக்குப் புரியாது என்றும் சொல்வீர்கள். சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் ஐடிஐ படித்த பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், பாதிப்பேர் வெல்டர்கள், மிச்சப்பேர் ஃபிட்டர்கள், அதில் பலர் கான்ட்ராக்டில் உங்கள் வளாகத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர்கள். 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அவசரகால ஒத்திகை நடத்தும்போது ஜன்னலைச் சாத்து, வீட்டுக்குள் இரு என்று சொன்னால் எங்களுக்குப் புரிகிறதல்லவா, இதுவும் புரியும். தமிழில் போட்டால் நல்லது. முடியாவிட்டால் ஆங்கிலத்தில் அனுப்புங்கள், நானே மாற்றி எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் வராது என்று தெரியும், அரசாங்க வேலை, நானும் பார்த்தவன்தான். அதனால் முதலில் ஒன்று மட்டும். மூடிய வால்வுக்குப் பின்னால் சூடும் குளிரும் தங்கக்கூடிய குழாய்கள், இரண்டும் கலக்கும் டீக்கள் என்று கல்பாக்கத்தில் எத்தனை இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள், அவற்றில் எத்தனை இடத்தில் குழாயின் மேல் பக்கம் ஒன்று, கீழ்ப் பக்கம் ஒன்று என்று தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) கட்டியிருக்கிறீர்கள், எந்த வருஷத்திலிருந்து? கட்டவில்லை என்றால், அங்கே கை வைத்துப் பார்த்த ஃபிட்டர் யாராவது ஏதாவது சொன்னால் அதை எழுத உங்கள் ரெஜிஸ்டரில் கட்டம் இருக்கிறதா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைப்பிங்காரன்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, செங்கல்பட்டு மாவட்டம்